பதிலைச் சுருட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்

பூமி உருண்டை என்று முதலில் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த உருண்டையைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஆட்களை உட்கார வைத்து, "இந்த உருண்டையைப் பத்தி உங்க மனசுல என்ன தோணுது?" என்று கேட்ட முதல் மனிதர் எங்கள் மாமாதான். அவர் மட்டும் பிறக்காமல் போயிருந்தால் மனித குலம் இன்றைக்கும் வரிசை வரிசையாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஒருவர் பின்மண்டையை இன்னொருவர் பார்த்தபடியே நாகரிகங்கள் தோன்றி, பின்மண்டையைப் பார்த்தபடியே அழிந்தும் போயிருக்கும். நெருப்பு, சக்கரம், மாமா. வரலாற்றில் திருப்பம் என்றால் இந்த மூன்றும்தான். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் புகை அதிகம்.

வாசகரே, இந்த இனத்துக்கு "சிந்திக்க வைப்பவர்" என்று பெயர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது இவர்கள் தொழில். பயிற்சி என்றால் மேடையில் நின்று மணிக்கணக்கில் பேசுவது என்று நினைத்தீர்களா? சேச்சே, அதெல்லாம் பழைய காட்டுமிராண்டித்தனம். இப்போதெல்லாம் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைப் பற்றித் தாங்களே கேள்வி எழுப்பி, தாங்களே தேடி, நடந்ததைத் தாங்களே திரும்பிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வழி அமைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது மட்டும்தான் சிந்திக்க வைப்பவரின் வேலை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஓரமாக நிற்கிற அந்தக் கடைசிப் பகுதியை மாமா இதுவரை செய்து நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் பல நிறங்களில் ஸ்கெட்ச் பேனா இருக்கும். அதில் ஒன்று மூடி கழன்று பையின் அடியில் பச்சையாகக் கசிந்திருக்கும். மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு செல்லோ டேப் தொங்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் பார்வை மனிதர்கள் மேல் விழாது, நாற்காலிகள் மேல் விழும். ஒருமுறை பல் டாக்டரிடம் போனபோது, காத்திருக்கும் அறையில் இருந்த நாற்காலிகளை எல்லாம் மாமா வட்டமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். அதுவரை சுவரைப் பார்த்து நிம்மதியாக முனகிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வீக்கத்தை ஒருவர் பார்க்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு வட்ட மாமா என்றுதான் பெயர்.

நேரான பதில் ஒன்று இவரிடமிருந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"சாப்பிட வர்றியாடா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். அவளுக்கு அவர் தம்பி.

"பசின்னா என்னன்னு நாம என்னைக்காவது யோசிச்சிருக்கோமாக்கா?"

"நீ யோசிச்சுட்டு இரு. நான் சட்டியைக் கழுவி வைக்கப் போறேன்."

உடனே வந்துவிடுவார். தத்துவத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

கேள்வி கேட்பது நல்ல பழக்கம்தானே, இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. இவருடைய கேள்விக்கும் இவருடைய பதிலுக்கும் நடுவே ஒரு கொசு நுழைய இடம் இருக்காது. "வகுப்பறைன்னா என்ன? ம்? ஆமா, ஒரு தோட்டம்! தோட்டத்துல நீங்க யாரு? கரெக்டு, தோட்டக்காரர்! அப்ப பிள்ளைங்க யாரு? அருமை, அருமை, செடிங்க!" இதற்குள் அறையில் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். கடைசி நாற்காலியில் ஒருவர் மட்டும் கொட்டாவிக்காகத் திறந்திருப்பார். "பாருங்க, சார் எவ்ளோ அழகாச் சொன்னார்!" என்று மாமா அவரைக் கைகாட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். கொட்டாவிக்காரர் எழுந்து நன்றி சொல்வார்.

இந்தப் பயிற்சிகளுக்கு நானும் போவேன். எனக்கு அங்கே ஒரு பதவி உண்டு. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டபடியால், "இடையில் நின்ற மாணவரின் குரல்" என்று நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஓர் இடம். வட்டத்தின் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள். "சொல்லும்மா, பள்ளிக்கூடம் உனக்கு ஏன் பிடிக்காமப் போச்சு?" என்பார் மாமா, உலகத்துக் கனிவையெல்லாம் குரலில் சேர்த்து. "அது வந்து, கணக்கு டீச்சர்..." என்று நான் ஆரம்பிப்பேன். "பாருங்க! கணக்கு! பயம்! அந்தப் பயம்தான் இந்தப் பொண்ணை வெளியே தள்ளுச்சு!" என்று மீதியை அவர் முடித்துவிடுவார். எனக்குக் கணக்கில் பயமே கிடையாது. அந்த டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார், அதற்கப்புறம் எனக்கு அங்கே ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு எந்தப் பயிற்சியிலும் எனக்கு இடம் கிடைத்ததில்லை. ஊருக்கு ஊர் பயந்து பயந்து எனக்கே பழகிவிட்டது.

சங்கடமான கேள்வி ஏதாவது வந்தால்? அதற்கும் ஒரு சார்ட் உண்டு. "கேள்வி நிறுத்துமிடம்" என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். "ஒரே வகுப்புல அறுபது பேர் இருந்தா எப்படி சார் வட்டம் போடறது?" என்று யாராவது கேட்டால், "மிக ஆழமான கேள்வி! எழுதி அங்க ஒட்டிடுங்க, கடைசியில எடுத்துப் பேசுவோம்" என்பார். மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். கடைசி என்ற ஒன்று வருவதற்குள் எல்லாருக்கும் பஸ் வந்துவிடும். கதவை யாராவது வேகமாகத் திறந்தால் நாலைந்து ஆழமான கேள்விகள் தரையில் உதிரும்.

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருவோம். எல்லாப் பயிற்சியின் உச்சக்கட்டமும் ஒன்றுதான். ஆசிரியர்கள் கண்ணை மூடித் தங்கள் வகுப்பைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு மாமா ஒரு பெரிய கேள்வி கேட்பார். பிறகு, "நீங்க எல்லாரும் சொன்னதைத் தொகுத்துப் பார்த்தா..." என்றபடி ஒரு சார்ட்டைச் சடாரென்று விரிப்பார். அதில் "ஆசிரியர்கள் தாமே கண்டடைந்தவை" என்று தலைப்புப் போட்டு, கீழே வண்ண வண்ணமாகக் கருத்து முத்துகள் வரிசையாக இருக்கும்.

அந்த முத்துகளை முந்தின நாளே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதுவது நான்.

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். மாமா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "அந்த நாலாவது வரியில ஒரு வார்த்தையை எழுதி அடிச்சுடு. அப்பதான் அவங்க யோசிச்சு யோசிச்சு சொன்ன மாதிரி இருக்கும்" என்பார். அடித்துக் கொடுப்பேன். "ஓரத்துல டீக் கறை மாதிரி ஏதாவது?" என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"ஏன் மாமா, அவங்க நாளைக்குக் கண்டுபிடிக்கப் போறதை நாம இன்னைக்கே எழுதறோமே, தப்பில்லையா?"

"அவங்க கடைசியில இதைத்தான் சொல்லப் போறாங்க வாலு. நேரத்தை மிச்சம் பண்றோம்."

வாலு என்பது நான். காரணம் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்தது, என் அக்கா டீச்சராகச் சேரும்வரை.

அக்கா வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஏழாம் வகுப்புக்கு அறிவியல். சின்ன வயதில் என்னையும் தலையணைகளையும் வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்தியவள், தலையணைகளுக்குத் தனித்தனியாக மார்க் போட்டவள், இப்போது நிஜப் பிள்ளைகள் முன்னால் நின்றுவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அவள் கேள்வி கேட்டால் வகுப்பில் ஒரு பிள்ளையும் வாயைத் திறப்பதில்லையாம். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம்.

ஒருநாள் துணிந்து மாமாவிடம் கேட்டாள்.

"மாமா, பிள்ளைங்க பேசவே மாட்டேங்குதுங்க. என்ன பண்றது?"

"அற்புதமான கேள்வி! நீ என்ன நினைக்கிற? ஆமா, சரியாச் சொன்ன. வட்டமா உட்கார வை."

"வச்சுப் பார்த்துட்டேன் மாமா. இப்ப வட்டமா உட்கார்ந்து பேசாம இருக்காங்க."

மாமா ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். பிறகு இது வீடு என்பது ஞாபகம் வந்து பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை ஒன்று பார்த்து வைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். "அங்க கேள்வி கேக்கறது வாங்க வர்றவங்க. எனக்குத் தெரிஞ்சா சொல்லப் போறேன், இல்லேன்னா ஓனரைக் கேக்கப் போறேன். யாரும் என் மூஞ்சியையே பார்த்துட்டு இருக்க மாட்டாங்க." அவள் பள்ளியில் மாமாவின் பயிற்சி நடக்க இருந்தது. அதை முடித்துவிட்டு, மறுநாள் தலைமையாசிரியையிடம் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்வதாக முடிவு.

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது கிண்டல் செய்யத் தெரிந்திருக்கும்.

அந்தப் பயிற்சிக்கு முந்தின நாள் மேசையில் நான் எழுதிய முத்துகளில் ஒன்று: "என் மாணவர்கள் பேசுவதை நான் மகிழ்ச்சியோடு கேட்கிறேன்." இதை அக்கா கண்டடைந்ததாக நாளைக்கு மாமா வாசிப்பார். அவளும் கைதட்ட வேண்டும். எழுதி முடித்து, வழக்கம்போல அடித்தல் எல்லாம் போட்டு, காயவைத்தேன். பிறகு அந்தச் சார்ட்டை என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வெறும் வெள்ளைச் சார்ட் ஒன்றைச் சுருட்டி, ரப்பர் பேண்டு மாட்டி, மாமாவின் பையில் வைத்தேன். பெரிய லட்சியம் எல்லாம் ஒன்றும் இல்லை. மாமா திருதிருவென்று விழிப்பதை அக்கா பார்த்துச் சிரிக்க வேண்டும். போகிறவள் ஒருமுறை சிரித்துவிட்டுப் போகட்டும்.

பயிற்சி நாள் வழக்கம்போலத்தான் விடிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கறகறவென்று இழுத்து வட்டம் போட்டார்கள். அதில் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு மறைவிடம் அமைத்துக்கொண்டார்கள்: ஒருவர் மடியில் விடைத்தாள் திருத்தினார், ஒருவர் துப்பட்டாவுக்குள் போன் பார்த்தார், குரல் கனத்தால் இடி சார் என்று பெயர் வாங்கிய எட்டாம் வகுப்பு அறிவியல் சார் கையைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கணக்குக்குப் பயந்தேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். சிலர் கொஞ்சம் அதிகமாகவே மூடிவிட்டார்கள். தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மாமா வட்டத்தின் நடுவுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் வகுப்பைப் பத்தி எனக்கே தெரியாதது என்ன? கேளுங்க. உங்களையே கேளுங்க. அபாரம்! நீங்க எல்லாரும் சொன்னதைத் தொகுத்துப் பார்த்தா..."

சடார்.

வெள்ளை.

மாமா சார்ட்டைத் திருப்பினார். அந்தப் பக்கமும் வெள்ளை. தலைகீழாகப் பிடித்தார். வெள்ளைத் தாளுக்குத் தலை ஏது, கால் ஏது? என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மாமாவின் கேள்வி ஒன்று பதில் இல்லாமல் அறைக்குள் தனியாக நின்றது. விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. யாருடைய பேனாவோ கீழே விழுந்து உருண்டது. விடைத்தாள் திருத்துகிறவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ நின்றுவிட்டதே என்று பார்க்கிற பார்வை. நான் சிரிப்பதற்காக அக்கா பக்கம் திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. கையைத் தூக்கியிருந்தாள்.

"எனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு சார்." வீட்டில் மாமா, அங்கே சார். "நான் கேட்டா பிள்ளைங்க ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னு எனக்குத் தெரியலை."

மாமாவின் கை பழக்கத்தில் மஞ்சள் சீட்டைத் தேடிப் பைக்குப் போனது. ஆனால் இரண்டு கையிலும் சார்ட் இருந்தது. விட்டால் சுருண்டுகொள்ளும்.

அக்கா எழுந்து நின்றுகொண்டாள். "நான் கேக்கறேன். அமைதியா இருக்காங்க. எனக்குப் படபடன்னு வந்துடுது. டீச்சருக்கே ஒண்ணும் தெரியலைன்னு நினைச்சுடுவாங்களோன்னு நானே பதிலைச் சொல்லிடறேன். அடுத்த கேள்விக்கும் அப்படித்தான். இப்ப அவங்க என் வாயையே பார்த்துட்டு இருக்காங்க. எப்ப சொல்லப் போறேன்னு."

கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கும் அப்படித்தாம்மா," என்றார் இடி சார். இவ்வளவு மெல்லிய குரல் அவரிடம் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. "அமைதியா இருந்தா எனக்கும் பயம். அதான் நான் கத்திடறேன்."

அதற்கப்புறம் யார் யாரைப் பேச வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. போன் துப்பட்டாவுக்குள்ளிருந்து வெளியே வந்து பைக்குள் போனது. ஒருவர், தன் வகுப்பில் பேசுகிற அதே நாலு பிள்ளைகளைத்தான் தினமும் கேட்கிறேன் என்றார். இன்னொருவர், தப்பான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்துத் தான் சிரித்ததாகவும், அது இன்றுவரை வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னார். விடைத்தாள் திருத்துகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "நாளைக்கு உன் வகுப்புல பின்னால வந்து உட்கார்றேன். உன்னைப் பார்க்க இல்ல, பயப்படாதே. நீ கேள்வி கேட்டதும் பிள்ளைங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்றேன். அப்புறம் நீ வந்து என் வகுப்புல உட்காரு." டீ வந்தது. யாரும் எழவில்லை. டீயின் மேல் ஆடை கட்டியது.

இவ்வளவு நேரமும் மாமா வெள்ளைச் சார்ட்டைப் பிடித்தபடி, துணி காயப்போட்ட கம்பி மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஓரமாக.

முடிந்ததும் தலைமையாசிரியை வந்தார். "இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு சார். நீங்க பேசவே இல்ல!"

"அது ஒரு உத்தி மேடம்," என்றார் மாமா, மூச்சுகூட விடாமல். "வெற்றுத்தாள் உத்தி."

பார்த்தீர்களா? தண்ணீரில் தூக்கிப் போட்டால் கையில் மீனோடு எழுந்து வருகிற இனம் இது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அந்த உத்திக்குப் படிநிலைகள் வகுத்துவிட்டார். அதை விளக்கி எழுத எத்தனை சார்ட் வேண்டும் என்று என்னிடம் கணக்குக் கேட்டார். அடுத்த பயிற்சிக்கு வெள்ளைச் சார்ட்டைக் கொஞ்சம் கசக்கி வைக்கச் சொன்னார். இயல்பாக இருக்க வேண்டுமாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே கொஞ்சம் திரும்பியும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இனம் பயிற்சி அரங்கில் மட்டும் இருப்பதில்லை. "எப்படி இருக்கே, நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பவர் உங்கள் தெருவில் இல்லையா? "ஏன் ஒரு மாதிரி இருக்கே? தலைவலியா? போன் பார்த்தா அப்படித்தான் வரும்" என்று நோயும் காரணமும் சேர்த்துக் கொடுப்பவர் உங்கள் வீட்டில் இல்லையா? அவர் கண்ணாடி பார்க்கும்போது உங்கள் முகம் தெரிகிறதா? நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த வியாதி கிடையாது என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அன்று சாயங்காலம் நடந்ததை விட்டுவிட்டால் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூவரும் இருந்தோம். மருந்துக் கடை விஷயத்தை நான் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா மாமாவிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

"அப்ப நாளைக்கு என்ன பண்ணப் போறே?" என்று அவளைக் கேட்டார்.

அக்கா மேசையைப் பார்த்தாள். மாமா வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வாய் மறுபடி திறந்தது, மறுபடி மூடியது. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அந்த அமைதி எனக்குக் காதுக்குள் வலித்தது. அக்கா போகமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

"போவா மாமா!" என்று கத்திவிட்டேன். "அந்த டீச்சர் பின்னால வந்து உட்கார்றேன்னு சொல்லியிருக்காங்கல்ல, எப்படிப் போகாம இருப்பா? அவளுக்குப் பிள்ளைங்கன்னா உசுரு. தலையணைக்கே மார்க் போட்டவ. மருந்துக் கடையெல்லாம் சும்மா, போக மாட்டா!"

மாமா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"வாலு, நான் யாரைக் கேட்டேன்?"

நான் மேசையைப் பார்த்தேன். இப்போது மேசையைப் பார்ப்பது என் முறை.

"நாளைக்குப் போறேன்," என்றாள் அக்கா கொஞ்ச நேரம் கழித்து. "அதுக்கு மறுநாள் தெரியாது. ஆனா நான் கேட்டதும் பிள்ளைங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பார்த்தியா," என்றார் மாமா என்னிடம். "நீ சொன்னதைவிட நல்லாச் சொல்றா."

அடுப்படியில் மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தப்பித்தோம் என்று நான் எழுந்தேன்.

"உட்காரு. அந்த வெள்ளைத் தாள் எப்படி என் பைக்குள்ள வந்துச்சு?"

நான் காத்திருந்தேன். இவரே சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். பை மாறிவிட்டது, கடைக்காரன் தப்பு, இல்லையென்றால் உத்தி, ஏதோ ஒன்று. எப்போதும் சொல்லிவிடுகிறவர்தானே?

சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கறை படிந்த சட்டையோடு, என் முகத்தையே பார்த்தபடி, நாளெல்லாம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் மாமா," என்றேன்.